சி மேஜரில் வந்து நின்ற பிறகு சி மைனர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
கீபோர்டில் ஜாஸ் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பழகுகிறேன். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் வரை புரிகிறது, எல்லாமே சி மேஜர் ஸ்கேலின் சுரங்கள். ஆனால் என் பயிற்சியில் அடுத்து சி மைனர் செவன், எஃப் செவன், பி ஃபிளாட் மேஜர் செவன் என்று போகிறது. இந்த சி மைனருக்கு என்ன கணக்கு? அதோடு, நான் வாசித்தால் ஒவ்வொன்றும் துண்டு துண்டாகக் கேட்கிறது.

பதில்:
ஸ்கேல் மாறிவிட்டது. பி ஃபிளாட் மேஜரில் இரண்டாவது சுரம் சி, ஐந்தாவது எஃப். அதே டூ-ஃபைவ்-ஒன்தான் (ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் சுரங்களில் அமையும் கார்டுகள்), ஒரு முழு சுரம் கீழே.

கேட்டவர்:
எண் புரிந்தது, நன்றி. வாசிப்பு மட்டும் இன்னும் ஒட்டவில்லை. எல்லா கார்டையும் ரூட்டிலிருந்து (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) நான்கு சுரமாகப் பிடிக்கிறேன்.

இன்னொரு பதில்:
கை மொத்தமும் தாவுவதால்தான் ஒட்டவில்லை. இடது கையில் ரூட், வலது கையில் ரூட்டிலிருந்து எண்ணி மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் மட்டும் வையுங்கள். டி மைனர் செவனுக்கு எஃப், சி. ஜி செவன் வரும்போது எஃப் அசையாது, சி மட்டும் பக்கத்துக் கட்டையான பி-க்கு இறங்கும். இந்த எஃப்-பி ஜோடிக்கு நடுவே ஆறு அரைச்சுரம் (பக்கத்துக் கட்டைக்கான இடைவெளி ஒரு அரைச்சுரம்). அந்த உரசல்தான் காதை அடுத்த கார்டுக்கு இழுக்கிறது. பிறகு எஃப் ஈ-க்கு இறங்கும், பி தங்கும்: சி மேஜர் செவன். (பழைய மேற்கத்திய முறையில் அந்த பி மேலேறி சி-யில் முடியும். ஜாஸில் அது அங்கேயே தங்கிவிடுவது எனக்கு இன்றும் அழகாக இருக்கிறது.)

இப்போது உங்கள் சி மைனர். ரூட் அப்படியே இருக்க, ஈ, பி இரண்டும் அரைச்சுரம் இறங்கினால் ஈ ஃபிளாட், பி ஃபிளாட். வந்துவிட்டது! அடுத்து பி ஃபிளாட் ஏ ஆனால் எஃப் செவன், ஈ ஃபிளாட் டி ஆனால் பி ஃபிளாட் மேஜர் செவன். ஆறு கார்டும் ஒரே இறக்கம். மெதுவாக, இறங்கும் சுரத்தை வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள்.

கேட்டவர்:
அரை மணி நேரம் பாடி வாசித்தேன், ஒட்டிவிட்டது! அடுத்த பி ஃபிளாட் மைனர் செவனை நானே கண்டுபிடித்தேன். ஆனால் போகப்போகக் கீழே இறங்கி ஒலி கலங்குகிறது.

அதே பதிலாளர்:
மிடில் சி-க்குக் கீழுள்ள ஈ-யைத் தாண்டும்போது, கீழ்ச்சுரத்தை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே, அதாவது அதே பெயருள்ள அடுத்த கட்டைக்கு, தூக்குங்கள். கார்ட் மாறாது.