இரண்டே முக்கால் வயதுக் குழந்தைக்குப் பேட்டரி ரயில் எஞ்சின்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (விழுப்புரத்திலிருந்து ஒரு தாய்)

வணக்கம். எங்கள் வீடு ரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பதால், என் மகன் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே ரயிலைத் தவிர வேறு எதையும் விளையாட்டுப் பொருளாக ஏற்பதில்லை. சென்ற மாதம் பொருட்காட்சியில் விளக்கும் இசையும் உள்ள ஒரு பேட்டரி ரயிலை வாங்கிக் கொடுத்தோம். அது வட்டத் தண்டவாளத்தில் சுற்றுவதைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையே கையால் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டான். பதினோராம் நாள் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. இப்போது விளக்கு எரிகிறது, பாட்டும் பாடுகிறது, சக்கரம் மட்டும் சுற்றுவதில்லை.

இன்னொன்று வாங்க 3000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறோம். மரத் தண்டவாளமா, பிளாஸ்டிக்கா, ரிமோட் உள்ளது நல்லதா என்று தெரியவில்லை. வீட்டில் தவழ்கிற ஒன்பது மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள். கையில் கிடைப்பதெல்லாம் அவள் வாய்க்குத்தான் போகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பெங்களூரிலிருந்து, ஐந்து வயது மகனின் தாய்)

சகோதரி, நாங்கள் எஞ்சினைப் பார்த்து மயங்கி வாங்கினோம். தண்டவாளத்தைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு வகைப் பாதையில் ஓடும் எஞ்சின் மற்றொரு வகையில் ஓடாது. ஆகவே நீங்கள் முதலில் எடுக்கும் முடிவு, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு வீட்டுக்குள் எந்த ரயில்வே நுழையும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

மரப் பாதையில் இரண்டு பள்ளங்கள் செதுக்கப்பட்டிருக்கும். சுவீடனின் பிரியோ நிறுவனம் 1958இல் கொண்டுவந்த அமைப்பை ஒட்டியே இன்று பல நிறுவனங்கள் மரப் பாதை செய்வதால், ஒருவரின் எஞ்சின் பெரும்பாலும் மற்றவரின் பாதையிலும் ஓடும். பெட்டிகள் காந்தத்தால் இணையும். மின்னெஞ்சின் பழுதானாலும் பாதையும் பெட்டிகளும் வீணாவதில்லை. கையால் தள்ளி விளையாடலாம். ஜப்பானில் 1959இல் தொடங்கிய பிளாரெயில் நீல பிளாஸ்டிக் பாதையில் ஓடுவது; உண்மையான ரயிலைப் போலவே இருக்கும். ஆனால் அது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது.

உங்கள் மகனின் பழக்கத்துக்குப் பொருத்தமானது எது என்றால், 2018இல் வந்த லெகோ டூப்ளோ ரயில்தான் என் நினைவுக்கு வருகிறது. அதைக் கையால் முன்னே தள்ளினால் ஓடத் தொடங்கும், பிடித்து நிறுத்தினால் நின்றுவிடும். அதாவது குழந்தை செய்யக்கூடிய குறும்பையே இயக்கும் முறையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதிலிருந்தே கொடுக்கலாம். விலைதான் உங்கள் வரம்பைத் தாண்டும். எங்களுக்கு அது உறவினர் ஒருவர் வழியாகப் பயன்படுத்திய நிலையில் கிடைத்தது.

மறுமொழி 2 (குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியர்)

பாதையையும் விலையையும் பேசுவதற்கு முன், தவழும் குழந்தை இருக்கிற வீடு என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்குள் பென்சில் பேட்டரி இருந்தாலும், அதனுடன் வரும் ரிமோட்டில் பல வேளைகளில் பட்டன் செல் இருக்கும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை. நாணயம் போன்ற 20 மில்லிமீட்டர் லித்தியம் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அங்குள்ள திசுவைக் கடுமையாக அரித்துவிடக்கூடும். தொடக்கத்தில் எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல் ஆகியவை மட்டுமே தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ஆகவே ரிமோட் வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டே முக்கால் வயதில் அவன் ரிமோட்டை இயக்கப் போவதுமில்லை, கடிக்கத்தான் போகிறான்.

மின்கல அறையின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும்; நகத்தால் நெம்பித் திறக்கும் மூடியுள்ள எஞ்சினை விலை குறைவென்று எடுக்காதீர்கள். மரப் பெட்டிகளில் உள்ள காந்தங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். இரண்டு காந்தங்கள் கழன்று வயிற்றுக்குள் போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று ஈர்த்து இடையில் உள்ள சுவரைத் துளைத்துவிடும்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் இயங்கும் பொம்மைகளுக்குரிய தர எண் ஐ.எஸ். 15644. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்த்தால், அது யாருக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். பொருட்காட்சிக் கடைகளில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

மறுமொழி 3 (பொன்மலைப் பணிமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்)

அம்மா, உங்கள் பழைய எஞ்சினில் மோட்டார் கெட்டிருக்காது. மோட்டார் தண்டில் இருக்கும் மிகச் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். மோட்டார் ஒரு வேகத்தில் சுழல, பிள்ளை சக்கரத்தை வேறொரு வேகத்தில் தள்ளும்போது, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது அந்தப் பல்தான். நீங்கள் கேட்ட கடகட சத்தம், பல்மீது பல் தாவிய சத்தம்.

ஆகையால் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரத்தை விரலால் ஒரு நொடி மட்டும் மெல்லப் பிடியுங்கள். மோட்டார் முனகி நின்றாலோ, உள்ளே மெல்லிய டிக் டிக் ஒலியுடன் பிடி நழுவி ஓடினாலோ குறையில்லை. பின்னதில் நழுவுபிடி, அதாவது சக்கரம் தடைபட்டால் பல் உடையாமல் நழுவிக்கொடுக்கும் அமைப்பு, வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கரகரவென்று கடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டுத் தரையில் தள்ளிப் பாருங்கள். சக்கரம் இறுகிக்கொள்ளும் எஞ்சின் உங்கள் மகனுக்கு ஆகாது.

ஓட்டும் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் நான்கு பெட்டிகளை இழுக்காது. பெட்டியின் மேல் படத்தில் பாலம் ஏறுவதுபோலக் காட்டுவதை நம்ப வேண்டாம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுவதற்கே, நீலகிரி மலை ரயில் எஞ்சினுக்குப் பாதையின் நடுவில் பல்தண்டவாளம் வைக்க வேண்டியிருந்தது. பொம்மைப் பாலம் அதைவிடச் செங்குத்து.

பேட்டரியைப் பற்றி ஒரு சொல். மறுமுறை மின்னேற்றக்கூடிய நிக்கல் செல் 1.2 வோல்ட்தான் தரும், சாதாரணச் செல் 1.5 வோல்ட், ஆகவே எஞ்சின் சற்று மெதுவாக ஓடும். சிறு பிள்ளைக்கு அதுவே நல்லது என்பேன். பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. ஊருக்குப் போகும்போது செல்லைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் கசிந்து தொடுமுனையில் உப்புப் பூத்துவிடும். மாதம் ஒரு முறை அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியையும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டு எஞ்சின் நின்றுபோனது பேட்டரியால் அன்று, என் மருமகளின் முடியால்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய எஞ்சினை என் கணவர் திருப்புளியால் திறந்து பார்த்தார். ஐயா சொன்னபடியே மோட்டார் தண்டில் இருந்த பல்சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது. ரிமோட்டை விட்டுவிட்டோம். இப்போதைக்கு மரப் பாதையும் கையால் தள்ளும் எஞ்சினும் மட்டும் வாங்கி, காந்தங்களை இழுத்துப் பார்த்துவிட்டு மகனிடம் கொடுக்கிறோம். மகள் விழித்திருக்கும்போது அவை மேசைக்கு மேலேயே இருக்கும். மூன்று வயது நிறைந்த பிறகு அதே பாதையில் ஓடும் மின்னெஞ்சினைச் சேர்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஒரே ஐயம்: பாலத் துண்டுகளை இப்போதே வாங்கலாமா?

மறுமொழி 3

வாங்க வேண்டாம் அம்மா. பாதையின் ஒரு முனைக்கு அடியில் இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்து ஏற்றம் கொடுங்கள். மின்னெஞ்சின் வந்த பிறகு அது எத்தனை புத்தகம் வரை ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் பாலத்தைப் பற்றிப் பேசுவோம்.