புதுப்பிப்பு: டாட் ஷாப்பிலிருந்து டாட் காம் டாட் எம்ஒய்க்கு மாறியதன் விளைவு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் பூசைப் பொருள் கடையைக் கூகுள் தேடலில் பின்தள்ளுவது ‘டாட் ஷாப்’ என்று முடியும் அதன் இணைய முகவரிதானா என்று மார்ச் மாதம் இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

டாட் காம், டாட் ஷாப் போன்ற பொதுப் பின்னொட்டுகளைக் (முகவரியின் கடைசிப் பகுதி) கூகுள் சமமாகவே நடத்துகிறது என்றும், நாட்டுப் பின்னொட்டு மட்டுமே ‘இது இந்நாட்டவருக்கான தளம்’ என்ற குறிப்பைத் தருகிறது என்றும் பட்டர்வொர்த் ஊரைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் சொன்னதே எங்களுக்குப் பொருந்தியது. மலேசியாவில் பதிவு பெற்ற வணிகம் என்பதால் மலேசியாவுக்கான டாட் காம் டாட் எம்ஒய் சிக்கலின்றிக் கிடைத்தது. பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் வழியாகத் திருப்பிவிட்டு, தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தையும் அறிவித்தேன்.

முதல் மூன்று வாரங்கள் வருகை சரிந்ததில் மிகவும் கலங்கிப்போனேன். அதற்குக் காரணம் பின்னொட்டு அன்று. குத்துவிளக்குப் பக்கங்களைத் திருப்ப மறந்திருந்தேன். அதைச் சரிசெய்த பிறகு மலேசியத் தேடல்களில் முன்பைவிடச் சற்று மேலே வந்தோம்.

நான் எதிர்பாராதது, சிங்கப்பூரிலிருந்து வருவோர் குறைந்ததுதான். அயல்நாட்டு வாடிக்கையாளரை நம்பியிருப்போர் மாறுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருப்பலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்குமாறு கூகுள் பரிந்துரைப்பதால், பழைய டாட் ஷாப் முகவரியின் பதிவையும் புதுப்பித்துவிட்டேன்.