தனியாகிப் போன ஆண் கினி பிக்குக்கு ஜோடி: இன்னொரு ஆணா, பெண்ணா?

மடிப்பாக்கம்_நைட்ஷிப்ட்:
வணக்கம். எங்க வீட்ல அண்ணன் தம்பியா ரெண்டு ஆண் கினி பிக் (வாலில்லாத குண்டு எலி மாதிரி இருக்குமே, அது), போண்டாவும் பஜ்ஜியும். போன மாசம் பஜ்ஜி வயிறு உப்பி செத்துப்போச்சு. போண்டாவுக்கு மூணு வயசு ஆகப் போகுது. முன்னாடி ஃப்ரிட்ஜ் கதவு திறந்தாலே வீடே அதிர விசிலடிப்பான். இப்ப கொத்தமல்லியைக் கிட்ட கொண்டுபோனாதான் தலையைத் தூக்கறான். கடைக்காரர், "ரெண்டு ஆணைச் சேத்து விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொன்னுடும், பொண்ணு எடுத்துக்கோங்க சார்"ங்கறார். என் மகள் முயல் வாங்கலாம்ங்கறா. கூண்டு மூணடிக்கு ரெண்டடி. வளர்த்த அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன்.

வடவள்ளி_அக்கா:
கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பொண்ணு மட்டும் வாங்கிராதீங்க தம்பி. அறுபது, எழுபது நாள்ல குட்டி போடும். போட்ட சில மணி நேரத்துலயே மறுபடி சினை பிடிச்சிரும். ஆண் குட்டிய மூணு வாரத்துல பிரிக்காட்டி அதுவே தாயைச் சினையாக்கிரும். ஆறேழு மாசம் வரைக்கும் குட்டி போடாத பொண்ணா இருந்தா இடுப்பெலும்பு இறுகிப் போயிருக்கும், முதல் பிரசவத்துலயே உயிர் போகலாம். கடைக்காரருக்கு என்னங்க, விக்கணும்.

முயலும் வேண்டாம்னு மகள்கிட்ட சொல்லுங்க. முயல் மூக்குல சும்மா கெடக்கற ஒரு கிருமி இதுகளுக்கு நிமோனியாவைக் கொண்டாந்துரும். பின்னங்கால்ல ஒரு உதை விட்டாலும் போண்டா தாங்க மாட்டான்.

ரெண்டு ஆண் சேராதுங்கறது சுத்தப் பொய். மூணு ஆண் சேர்றதுதான் ரொம்பக் கஷ்டம். எங்க வீட்டுல ரெண்டு கெழவனுக ஒரே குடில்ல ஒட்டிப் படுத்துக் கெடக்கறானுக. எல்லாம் குணம் ஒத்துவர்றதுலதான் இருக்கு, நிறத்தையும் சுழி முடியையும் பாத்து எடுத்தா ஆகாது. பஜ்ஜி இருந்தப்ப குடில்ல இருந்து யார் யாரை வெளிய தள்ளுனது? வெள்ளரிக்காயை யார் புடுங்கித் தின்னது? ரெண்டும் அதிகாரம் பண்ற ஆளா இருந்தா நாளெல்லாம் ரகளைதான். ஒருத்தன் அதிகாரி, ஒருத்தன் "சரிங்க"ன்னு போறவன், அப்படி அமையணும்.

வயசுன்னு பாத்தா, எட்டு வாரக் குட்டியைப் பெரியவன் சுலபமா சேத்துக்குவான். ஆனா நாலு மாசத்துல இருந்து பதினாலு மாசம் வரைக்கும் குட்டிக்கு இளவட்டத் திமிரு ஏறும், நேத்து வரைக்கும் கொஞ்சுனவங்க அப்பத்தான் முறைச்சுக்குவாங்க. நானா இருந்தா யாராச்சும் வளக்க முடியாம விட்டுக் குடுக்கற ரெண்டு, மூணு வயசுக்காரனைத் தேடுவேன். அவன் குணம் ஏற்கெனவே தெரிஞ்சுபோயிருக்கும்.

ஆணான்னு நீங்களே பாத்து வாங்குங்க, கடையில மாத்திச் சொல்லுவாங்க. குறிக்கு மேல லேசா அமுத்துனா ஆணுக்கு வெளிய வரும். பொண்ணுக்கு ஒய் எழுத்து மாதிரி மடிப்பு மட்டும் இருக்கும். வந்ததும் ரெண்டு, மூணு வாரம் வேற ரூம்ல வெச்சு சொறி, படை இல்லைன்னு உறுதி பண்ணிக்கங்க.

சேத்து விடற அன்னைக்கு லீவு போட்டுருங்க. போண்டா காலே வெக்காத ரூம், கீழ பழைய பெட்ஷீட், நடுவுல புல்லைக் குமிச்சு வைங்க. குடில் வேண்டாம், அதுக்கே சண்டை வரும். இடுப்பை ஆட்டி "டுர்ர்ர்"னு சுத்தும், பின்னாடி மோந்து பாக்கும், மேல ஏறும், துரத்தும். இதெல்லாம் யார் பெரியவன்னு முடிவு பண்றது. பயந்துபோய்ப் பிரிச்சீங்கன்னா அடுத்த தடவை முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பல்லை நறநறன்னு கடிச்சுட்டு, முடி சிலுத்துட்டு, கொட்டாவி மாதிரி வாயைத் திறந்து பல்லைக் காட்டுனா மட்டும் துண்டோட தயாரா நில்லுங்க. ரெண்டும் பந்தாட்டம் உருள ஆரம்பிச்சா கையை விடாதீங்க, ஆழமாக் கடிச்சிரும். துண்டைப் போடுங்க, இல்லீன்னா முறத்தை நடுவுல சொருகுங்க. ரத்தம் பாத்துட்டா அந்த ஜோடியை மறந்துருங்க.

மூணடிக் கூண்டு பத்தவே பத்தாது. அஞ்சடிக்கு ரெண்டடியாவது வேணும். தண்ணி பாட்டில், தட்டு, குடில் எல்லாம் ரெண்டு ரெண்டு. ஒவ்வொரு குடிலுக்கும் ரெண்டு வாசல் வைங்க, இல்லீன்னா ஒருத்தன் உள்ள மாட்டிக்குவான். பொண்ணு வாசமே அந்த ரூம்ல இருக்கக் கூடாது.

மதுரை_குதிரைமசால்:
எங்க வீட்ல ஒத்துவரலை. காது கிழிஞ்சு தையல் போட்டோம். இப்ப நடுவுல கம்பி வலை வச்சுப் பக்கத்துப் பக்கத்துல இருக்காய்ங்க. வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துக்கிட்டு நாள் பூரா பேச்சுதான். ஒட்டிப் படுத்தாதான் துணையாண்ணே? காயத்துக்கு மருந்து கேட்கப் போனா, வாய்வழியா அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகையை மட்டும் குடுத்துறாதீக. நாய்க்கு ஒத்துக்கிறது இதுக்குக் குடலைக் கெடுத்து ஆளையே கொன்டுரும்.

சூரிச்_மாமா:
நான் சுவிஸில இருக்கிறன். இஞ்ச 2008இல நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதியின்படி இதுகளைத் தனிய வளர்க்கேலாது, குறைஞ்சது ரெண்டு இருக்கோணும். ஒண்டு செத்தால் மற்றதுக்குத் துணையை வாடகைக்குக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், பகிடி இல்லை. இஞ்ச கனபேர் செய்யிறது, ஆணுக்குக் கருத்தடை ஒப்பரேசன் செய்து பெண்களோட விடுறது. ஒப்பரேசன் முடிஞ்சாப் பிறகும் ஆறு கிழமை பொறுக்கோணும், அதுக்குள்ள விட்டால் குட்டி வரும். உங்கட டொக்டர் உந்த ஒப்பரேசனைச் செய்து பழகினவரெண்டால் யோசியுங்கோ.

மடிப்பாக்கம்_நைட்ஷிப்ட்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க கேட்டதும்தான் யோசிச்சேன். அதிகாரம் எல்லாம் பஜ்ஜிதான், போண்டா வெள்ளரிக்காயையே விட்டுக் குடுத்துட்டு ஓடிப்போவான். அப்ப அடங்கின ஆளைத்தான் தேடணுமா? ஆபரேஷன் பண்ணினா ஆண்களுக்குள்ள சண்டை குறையுமா?

வடவள்ளி_அக்கா:
குறையாதுங்க. அது குட்டியைத் தடுக்கும், குணத்தை மாத்தாது. சண்டைக்காகன்னு கத்தி வெக்காதீங்க.

போண்டா விட்டுக் குடுக்கறவன்னா உங்களுக்குக் கவலை கம்மி. கொஞ்சம் மிடுக்கா இருக்கற பெரியவன்கூட ஒத்துப் போவான், ஆனா கடிக்கற பழக்கம் இருக்கான்னு தர்றவங்ககிட்ட கேட்டுருங்க. முடிஞ்சா போண்டாவைக் கூட்டிட்டுப் போய் அங்கயே ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க. அப்படிப் பண்ணா அந்த மூணு வார ஒதுக்கலை ரெண்டு பேருக்கும் சேத்தே வெச்சுக்கலாம். ஒத்துவரலைன்னா வேற ஆள், அவ்வளவுதான். வெயில் அடிக்கறப்ப மட்டும் இந்த வேலை வேண்டாம், முப்பது டிகிரியைத் தாண்டுனாலே இதுகளுக்கு மூச்சு வாங்கும். காலைல ஏழு மணிக்குள்ள கூட்டிட்டுப் போங்க.