முடிவு மனசுல நிக்குற நாவல் தொடர் எது? சொல்லுங்க

வணக்கம். நாங்க ஏற்காடு. ப்ளஸ் ஒன் படிக்கிற அக்கா பொண்ணு 'ஹங்கர் கேம்ஸ்' ஆங்கில நாவல் மூணு பாகமும் முடிச்சுட்டா. 2010-ல வந்த கடைசிப் பாகம் 'மாக்கிங்ஜே' படிச்சு ரெண்டு நாள் பேச்சே இல்லை. தங்கச்சியைக் காப்பாத்தத்தான் கதாநாயகி காட்னிஸ் அரசு நடத்துற உயிர்ப் போட்டிக் களத்துல இறங்கினா, கடைசியில அந்தத் தங்கச்சியே இல்லை. அரசை எதிர்த்த போர் முடிஞ்சும் கெட்ட கனவு விடலை. ஆனாலும் காதலன் பீட்டாவோட மெல்ல மெல்ல வாழ்க்கை துளிர்க்குது. காயத்தை மறைக்காத அந்த முடிவுதான் சரின்னு நானும் நம்புறேன்.

இதே மாதிரி, அடக்குமுறை அரசுக்கு நடுவுல காதல், கடைசிப் பாகம் ஏமாத்தாத தொடர் வேற எது? தமிழ்ல இருந்தா பாட்டியும் படிப்பாங்க.

சனிக்கிழமை சேலம் இறங்குறோம். அஸ்தம்பட்டி, நாலு ரோடு பக்கம் பழைய புத்தகக் கடை தெரிஞ்சவங்க சொல்லுங்க. முழு செட்டா வேணும். போன தடவை நடுப்பாகம் கிடைக்காம பொண்ணு ரொம்பத் தவிச்சுட்டா.