ஆர்ஓ, டிஐ போட்டும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி, ரெசின் ஒரு வாரம்கூட வரவில்லை. உதவி தேவை

பெரும்பாக்கம்_கிளீனிங்
வணக்கம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் கண்ணாடி கழுவும் வேலை எடுத்துச் செய்கிறோம். தரையில் நின்றே கழுவுகிற வாட்டர் ஃபெட் போல் (தண்ணீர் பாயும் பிரஷ் வைத்த நீளக் கம்பு) வாங்கி, தண்ணீரின் உப்பை வடிகட்ட ஆர்ஓ, மிச்ச உப்பைப் பிடிக்க ரெசின் நிரப்பிய டிஐ எல்லாம் செட் பண்ணியாச்சு. ஆரம்பத்தில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் 0 காட்டியது, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இப்போது 60க்கு மேல் போகிறது, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. புது ரெசின் போட்டாலும் ஒரு வாரம் தாங்குவதில்லை. வருகிற காசு ரெசினுக்கே சரியாகிறது. கடைக்காரர் டூப்ளிகேட் ரெசின் கொடுக்கிறாரா? நல்ல ரெசின் எங்கே கிடைக்கும்? நாளை காலை சைட் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
போரா, லாரியா? மூலத் தண்ணீர் டிடிஎஸ் எவ்வளவு? ஆர்ஓவுக்கு அப்புறம் எவ்வளவு? பிளான்ட் எத்தனை எல்பிஹெச் (மணிக்கு எத்தனை லிட்டர்)? ரெசின் எத்தனை லிட்டர்? இது எதுவும் தெரியாமல் ரெசின் மேல் பழி போட முடியாது தம்பி.

மேடவாக்கம்_வாசி
எங்கள் ஏரியா போர் தண்ணீர் கடும் உப்பு. சாஃப்ட்னர் போடுங்கள், பிரச்சனை தீர்ந்துவிடும். எங்கள் அபார்ட்மென்டில் போட்ட பிறகு குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளை படிவதே இல்லை.

நீர்_வேதியியல்
சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும், அவ்வளவுதான். 1000 டிடிஎஸ் உள்ளே போனால் ஏறக்குறைய 1000தான் வெளியே வரும். கண்ணாடியில் சுண்ணாம்புக்குப் பதில் சோடிய உப்பு காயும். இது பள்ளிப் பாடம். ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு வரலாம். கேள்வி கேட்டவரும் அப்படித்தான். ஒரு எண்கூட இல்லாமல் "ரெசின் டூப்ளிகேட்டா" என்றால் யார் என்ன சொல்வது?

மேடவாக்கம்_வாசி
சார், ஆர்ஓவுக்கு முன்னால் சாஃப்ட்னர் வைத்தால் மெம்பரேனில் (ஆர்ஓவுக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வில்) படிவு வராது. அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் மரியாதையாகவே சொல்லலாம்.

கோவை_பில்டர்
எனக்கு சிலிக்கா மேல்தான் சந்தேகம். டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. சிலிக்கா சாதாரண பிஹெச்சில் மின்னூட்டமே இல்லாமல் கிடக்கும், மீட்டருக்குத் தெரியாது. ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவி வெளியே வருவதும் அதுதான். எங்கள் பக்கம் பாறைப் பூமி, இந்தத் தொல்லையை நிறையப் பார்த்திருக்கிறோம். மீட்டரில் 0 இருக்கும்போதே கண்ணாடியில் மங்கலாகப் படலம் விழுந்ததா?

கயிறு_வேலை
நான் இந்த வேலையில் கயிற்றில் தொங்கி ஆரம்பித்தவன். புள்ளி கண்ணாடி முழுக்க இருக்கிறதா, மேல் ஃபிரேமுக்குக் கீழே மட்டும் கோடாக இறங்குகிறதா? இதை முதலில் சொல்லுங்கள். மேலே மட்டும் என்றால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். ரப்பர் பீடிங் இடுக்கில் இருக்கும் பழைய அழுக்கு நனைந்து வடிகிறது. முதல் தடவை கழுவும் கட்டடத்தில் ஃபிரேமைத் தேய்த்து அலசிவிட்டு, கொஞ்ச நேரம் வடியவிட்டு, அப்புறம்தான் கண்ணாடிக்கு வர வேண்டும்.

பெரும்பாக்கம்_கிளீனிங்
சைட்டில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். போர் தண்ணீர், சில நாள் லாரி. 250 எல்பிஹெச் பிளான்ட், நீளமான மெம்பரேன் ஒன்று. ரெசின் 25 லிட்டர் பாட்டில். புள்ளி கண்ணாடி முழுக்க இருக்கிறது, சொட்டு நின்ற இடமெல்லாம். மூலத் தண்ணீர் 1140. ஆர்ஓ நல்லாத்தான் ஓடுகிறது, 310 வருகிறது, நாங்களே அதைத்தான் குடிக்கிறோம்.

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
310ஆ? அங்கேதான் விஷயமே இருக்கிறது. நீளமான ஒரே மெம்பரேன் என்றால் 4040 (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்) ஆக இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் மெம்பரேன் உப்பில் 95 சதவீதமாவது தள்ளிவிடும். 1140 உள்ளே போனால் 50, 60 வெளியே வர வேண்டும். 310 குடிக்க நல்ல தண்ணீர்தான். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்திலேயே 500 வரை ஏற்கத்தக்கது. ஆனால் கண்ணாடிக்குப் பத்துக்குக் கீழே வேண்டும், 0 பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ரெசின் கணக்கைப் பாருங்கள். 25 லிட்டர் மிக்ஸட் பெட் (இரண்டு வகை கலந்த) ரெசின் புதிதாக இருக்கும்போது கிட்டத்தட்ட 700 கிராம் உப்பைப் பிடிக்கும். 310 டிடிஎஸ் என்றால் லிட்டருக்கு 0.31 கிராம். 2,200 லிட்டரில் ரெசின் முடிந்துவிடும். ஒரு போல் நிமிடத்துக்கு 2 லிட்டர் குடித்தால் அது 18 மணி நேர வேலை. ஒரு வாரம் எப்படித் தாங்கும்? அதே ரெசினுக்கு 60 கொடுத்துப் பாருங்கள், 11,000 லிட்டருக்கு மேல் வரும். உப்பை எடுக்கிற வேலை ஆர்ஓவுடையது. ரெசின் மிச்சமிருக்கும் கொஞ்சத்தைத் துடைக்கத்தான். உங்கள் கடைக்காரர் ரெசின் அசல்தான் என்று நினைக்கிறேன்.

ரோட்டாமீட்டர் (தண்ணீர் ஓட்டத்தைக் காட்டும் குழாய்) இரண்டிலும் என்ன காட்டுகிறது? பிராடக்ட் (நல்ல தண்ணீர்) எவ்வளவு, ரிஜெக்ட் (வெளியேறும் உப்புத் தண்ணீர்) எவ்வளவு? பிரஷர் கேஜ் படமும் போடுங்கள்.

நீர்_வேதியியல்
700 கிராம் என்பது புத்தகக் கணக்கு. கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை ஆர்ஓ தடுக்காது, அது நேராகப் போய் ரெசினின் ஆனயான் (எதிர் மின்னூட்ட அயனிகளைப் பிடிக்கும்) பகுதியைத் தின்னும். மீட்டர் காட்டும் பிபிஎம்மும் தோராயம்தான். நடைமுறையில் இன்னும் குறைவாகத்தான் வரும்.

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
சரி, குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 310 எங்கே, 60 எங்கே என்பதில் மாற்றம் இல்லையே.

ஏசி_டெக்னீஷியன்
ஒரு யோசனை. ஐடி கட்டடங்களில் ஏஹெச்யு (மைய ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் யூனிட்) அறையிலிருந்து வடியும் தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவது, மழைத் தண்ணீர் மாதிரி டிடிஎஸ் மிகக் குறைவு. சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு பெரிய யூனிட் நாள் முழுக்க வடித்துக்கொண்டே இருக்கும். அதை டிரம்மில் பிடித்து, செடிமென்ட் பில்டர் வழியாக டிஐக்குக் கொடுத்தால் ஆர்ஓவே வேண்டாம். கட்டட மேனேஜர் சம்மதித்தால் போதும்.

கயிறு_வேலை
டிரே சுத்தமாக இருந்தால் சரி. பல இடங்களில் பாசியும் கொழகொழப்புமாகக் கிடக்கும், பிரஷ் நாறிவிடும்.

பெரும்பாக்கம்_கிளீனிங்
பிராடக்ட் 5, ரிஜெக்ட் 2. லாரித் தண்ணீர் காசு கொடுத்து வாங்குவது, ரிஜெக்ட் வீணாகிறது என்று பையன் வால்வைக் குறைத்து வைத்திருக்கிறான். கேஜ் கண்ணாடி உடைந்திருக்கிறது.

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
பையனிடம் அந்த வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். 7 லிட்டர் உள்ளே போய் 5 எடுத்தால் 70 சதவீதத்துக்கு மேல் ரெக்கவரி. மீதி 2 லிட்டரில் உப்பெல்லாம் அடர்ந்து 3,700 பக்கம் போயிருக்கும். ஒரே ஒரு மெம்பரேனுக்கு இது தாங்காது. உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பக்கத்தில் அவ்வளவு உப்பு நின்றால் பிராடக்ட் தண்ணீரிலும் உப்பு கூடும். பாதிக்குப் பாதி வையுங்கள். ஆன்டிஸ்கேலன்ட் டோசர் (படிவைத் தடுக்கும் மருந்து விடும் பம்ப்) ஓடுகிறதா என்றும் பாருங்கள். கேஜ் மாற்றுங்கள், பிரஷர் தெரியாமல் ஆர்ஓ ஓட்டக் கூடாது.

ஆனால் இது மட்டும் 310ஐ விளக்காது. வேறு ஏதோ இருக்கிறது. பிளான்ட்டை விற்றவர் குடிநீருக்கு என்று செட் பண்ணிக் கொடுத்தாரா?

வேளச்சேரி_மழைநீர்
மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. ஜன்னல் துடைக்க பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விடச் சொல்கிறீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் சோப்பு போட்டு ஸ்க்வீஜியால் (ரப்பர் வைப்பரால்) இழுத்தால் போதாதா? காலங்காலமாக அப்படித்தானே செய்தோம்?

கயிறு_வேலை
போதும், செய்திருக்கிறோம். நான்காவது மாடியில் வாளியோடு தொங்கியும் செய்திருக்கிறோம். போல் வந்த பிறகு அந்த உயரத்துக்கு யாரும் தொங்க வேண்டியதில்லை. தரையில் நிற்கிறவன் விழ மாட்டான். என் கூட வேலை பார்த்தவர்கள் விழுந்ததைப் பார்த்தவன் நான். அதற்குக் கொஞ்சம் தண்ணீர் கூடப் போனால் போகட்டும்.

வேளச்சேரி_மழைநீர்
உயிர் முக்கியம், மறுக்கவில்லை அண்ணா. ரிஜெக்டையாவது வீணாக்காதீர்கள் என்கிறேன். செடிக்கு ஊற்றலாம்.

நீர்_வேதியியல்
2,000க்கு மேல் டிடிஎஸ் உள்ள தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் கொஞ்ச நாளில் மண் உப்பாகிவிடும். அறிவுரை சொல்லுமுன் யோசிக்க வேண்டும்.

மேடவாக்கம்_வாசி
எங்கள் அபார்ட்மென்டில் ரிஜெக்டைத் தனி டேங்கில் பிடித்து ஃபிளஷுக்கும் படிக்கட்டு கழுவவும் விடுகிறோம். வண்டி கழுவினால் புள்ளி விழும், மற்றபடி தொந்தரவு இல்லை.

வேளச்சேரி_மழைநீர்
அதுதான் வேண்டியது. மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடியுங்கள், முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு. டிடிஎஸ் இரண்டு இலக்கத்தில்தான் இருக்கும். பில்டர் செய்து நேராக டிஐக்குப் போகலாம், ரிஜெக்டே கிடையாது. 2003இலேயே வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று ஆக்கிய மாநிலம் நம்முடையது, தொட்டி கட்டத்தான் ஆள் இல்லை.

கோவை_பில்டர்
மழைநீரில் சிலிக்காவும் இருக்காது. இதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் சென்னையில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கு?

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
அவர் நாளை காலை சைட்டுக்குப் போக வேண்டும், மழைக்குக் காத்திருக்க முடியாது. பெரும்பாக்கம் தம்பி, இதை மட்டும் பாருங்கள். மெம்பரேனுக்குள் போகும் முன்னால், கார்பன் பில்டர் தாண்டி, ஒரு மெல்லிய டியூப் கிளம்பி பிராடக்ட் லைனில் வந்து சேர்கிறதா? நடுவில் சின்ன ஊசி வால்வு இருக்கும். மிக்சிங் வால்வு என்பார்கள், வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று இருப்பதும் இதே வேலைக்குத்தான். ஆர்ஓ தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பதால், ருசிக்காக மூலத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். உங்கள் கணக்குக்கு ஐந்தில் ஒரு பங்கு மூலத் தண்ணீர் கலக்கிறது என்று தோன்றுகிறது. அதை முழுக்க மூடிவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

பெரும்பாக்கம்_கிளீனிங்
இருந்தது அண்ணா, நீல டியூப். மூடிவிட்டேன், ரிஜெக்டும் திறந்தாச்சு. 62 வருகிறது. ரொம்ப நன்றி.

கோவை_பில்டர்
அருமை. இப்போது இருக்கும் ரெசின் தீர்ந்த ரெசின். அதை மாற்றாமல் நாளை போகாதீர்கள். மீன் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
இன்னொன்று. பிளான்ட் ராத்திரி முழுக்க நின்றால் மெம்பரேன் வழியாக உப்பு மெதுவாக இந்தப் பக்கம் கசியும். காலையில் ஆன் செய்ததும் முதல் சில நிமிடத் தண்ணீரில் டிடிஎஸ் பல மடங்கு இருக்கும். அதை டிஐக்குள் விடாதீர்கள். ஆர்ஓவுக்கும் டிஐக்கும் நடுவில் ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டு வால்வு வையுங்கள், மீட்டர் இறங்கும்வரை வெளியே விடுங்கள். லாரித் தண்ணீர் வரும் நாளில் மூல டிடிஎஸ்ஸை மறுபடி அளக்க வேண்டும். குளோரின் போட்ட தண்ணீராக இருந்தால் மெம்பரேனைக் கெடுத்துவிடும், கார்பனைக் காலத்தில் மாற்றுங்கள். ரெசின் மாற்றிய பிறகு பிரஷ் முனையில் பிடித்து அளந்து இங்கே போடுங்கள், பாட்டில் வாயில் பிடித்தது கணக்கில்லை. டேங்கிலும் ஹோஸிலும் பழைய உப்பு ஒட்டியிருக்கும்.

கயிறு_வேலை
போல் கார்பன் ஃபைபர் என்றால் மின்சாரம் பாயும். சைட்டில் முதலில் ஈபி வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். அப்புறம், ஏற்கெனவே விழுந்து இறுகிய புள்ளி சுத்த நீருக்குப் போகாது. யாராவது ஆசிட் பாட்டில் கொடுத்தால் ஹைட்ரோபுளோரிக் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், இருந்தால் தொடவே வேண்டாம். அது தோல் வழியாக எலும்பு வரை போகும். சீரியம் ஆக்சைடு பாலிஷ் போதும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

திருச்சி_புதுசு
நானும் இதே தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பெரிய பிளான்ட் வாங்க முடியாது. வீட்டு ஆர்ஓ வைத்துச் செய்யலாமா?

தாம்பரம்_ஆர்ஓ_மெக்கானிக்
வீட்டு ஆர்ஓ மெம்பரேன் பெரும்பாலும் 75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்), அதாவது மணிக்கு 12 லிட்டர். ராத்திரி முழுக்க ஓடினால் 120 லிட்டர், ஒரு போலுக்கு ஒரு மணி நேரம் வரும். தனி வீடு ஒன்றிரண்டு செய்து பழக அது போதும். டிடிஎஸ் கன்ட்ரோலரை மூடுங்கள், மினரல் கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள், மூடி போட்ட டிரம்மில் பிடியுங்கள். திருச்சியில் உங்கள் மூலத் தண்ணீர் என்ன, காவிரியா போரா? டிடிஎஸ் எவ்வளவு?