டாட் காம் இல்லாத முகவரி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கீழக்கரையிலிருந்து:
கருப்பட்டியும் குண்டு மிளகாயும் விற்கும் எங்கள் கடைக்கு, மூன்று வருஷத்துக்கு முன் டாட் ஸ்டோர் முகவரி வாங்கினேன். நினைத்த பெயர் டாட் காமில் இல்லை. இது முதல் வருஷம் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. போர்டு எழுதியவர் நான் மறந்துவிட்டதாக நினைத்து, கடைசியில் தானாகவே டாட் காம் சேர்த்துவிட்டார். துபாயில் இருக்கும் காக்காவுக்கு (அண்ணனுக்கு) போனில் மூன்று தடவை சொன்னேன். அவரும் "ஸ்டோர் டாட் காம்" என்றுதான் தட்டினார். மறு வருஷம் புதுப்பிக்க நாலாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். டாட் இன்னுக்கு மாறிவிட்டேன்.

2012-ல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, டாட் ஸ்டோர் மாதிரிப் புது வால்களுக்கு (முகவரியின் கடைசிப் பகுதிக்கு) விண்ணப்பம் வாங்கியபோது 1,930 வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். அவ்வளவு பணம் போட்டவர்களில் பலர் எங்களை மாதிரிக் கடைகளை நம்பித்தான் போட்டார்கள். ஆனால் வாயால் சொன்னால் புரியாத முகவரி எங்கள் வியாபாரத்துக்கு ஒத்துவராது.

பாம்பனிலிருந்து:
எனக்குக் கை கொடுத்ததும் உண்டு, கை விட்டதும் உண்டு. எங்கள் கருவாட்டுக் கடை முகவரி முழுக்கத் தமிழ், முடிவு டாட் இந்தியா. (கடலுக்கு அந்தப் பக்கம் டாட் இலங்கையும் உண்டு.) அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவரே தமிழில் தட்டி, நெத்திலிப் படம் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த முகத்துக்காகவே வருஷா வருஷம் பணம் கட்டுகிறேன்.

ஆனால் அதை பிரவுசரிலிருந்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் 'எக்ஸ்என்' என்று தொடங்கி, இரண்டு கோடு, அப்புறம் புரியாத எழுத்துக் கூட்டம். உள்ளே ஓடும் பெயர் ஏற்பாடு இங்கிலீஷ் எழுத்து, எண், சிறுகோடு இவற்றை வைத்தே நடப்பதால் தமிழை அப்படி மாற்றிக்கொள்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் மோசடி லிங்க் என்று அழித்தேவிட்டார். தமிழ் மெயில் முகவரி கொடுத்தால் பாதிப் படிவங்கள் 'தவறு' என்று திருப்புகின்றன. குறை தமிழில் இல்லை, படிவம் எழுதியவர்களிடம் இருக்கிறது. அதைத் திருத்தாமல் "தமிழ் முகவரியை யார் வாங்குகிறார்கள்" என்று கேட்பது அநியாயம்.

தொண்டியிலிருந்து:
எங்கள் மகளிர் குழுக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். போன வருஷம் வங்கி முகவரி திடீரென்று டாட் பேங்க் டாட் இன் என்று மாறியதும் பயந்து கிளைக்கே போய்க் கேட்டேன். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கியும் மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவாம். வங்கி தவிர வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்காது என்றார்கள். இப்படிக் காவல் போட்ட வால் நிலைக்கும் என்று நம்புகிறேன்.

மலிவாகக் கிடைப்பவற்றை நினைத்தால்தான் பயம். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று ஒரு லிங்க் குழுவில் சுற்றியது. நடுவில் 'டாட் பேங்க் டாட் இன்' என்றே இருந்தது, முடிவு மட்டும் வேறு. அதனால் முகவரியைக் கடைசியிலிருந்து பார்க்கச் சொல்லித் தருகிறேன். போன கூட்டத்தில் ஒரு அக்கா, இப்படி வந்த லிங்க் ஒன்றைத் தொடாமல், போனை அப்படியே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.