கொடையால் ஏற்றத்தாழ்வு குறைகிறதா? ஆய்வுகளைப் படித்துக் குழம்பிப் போயிருக்கிறேன்

அரைகுறை ஆய்வாளர்:

வணக்கம் நண்பர்களே. பெரும் பணக்காரர்களின் கொடை சமூக மாற்றத்துக்கு உதவுகிறதா என்பதுதான் என் முதுகலைக் கட்டுரையின் தலைப்பு. மூன்று மாதமாகப் படிக்கிறேன், படிக்கப் படிக்கத் தெளிவு வருவதற்குப் பதில் தலைதான் சுற்றுகிறது. ஒரு பக்கம் 2015இல் வெளியான ஆறு நாட்டு ஆய்வு: மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு மாடு மாதிரி ஒரு சொத்து, கொஞ்ச காலத்துக்கு உதவித்தொகை, பயிற்சி என்று சேர்த்துக் கொடுத்தார்கள், திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் அவர்கள் நிலைமை மேலாகவே இருந்தது. இன்னொரு பக்கம், பெரிய அறக்கட்டளை என்பதே ஜனநாயகத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரம் என்று எழுதுகிற அரசியல் தத்துவப் பேராசிரியர் ராப் ரைஷ் போன்றவர்கள். இரண்டையும் படித்தால் இரண்டும் சரி என்றுதான் தோன்றுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? துறையில் இருப்பவர்கள் யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்.

எண்ணும் எழுத்தும்:

இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில், அதனால்தான் இரண்டும் சரியாகத் தெரிகிறது. நீங்கள் சொன்ன ஆய்வு வறுமையை அளக்கிறது. ஏற்றத்தாழ்வு என்பது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரம். கீழே இருப்பவர் இரண்டு படி ஏறும்போது மேலே இருப்பவர் இருபது படி ஏறினால், வறுமை குறைந்தது, ஏற்றத்தாழ்வு கூடியது. கட்டுரையில் இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டீர்கள் என்றால் அங்கேயே விழுந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, கொடை என்றதுமே ஏழைக்குப் போகிற பணம் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஒரு வருடத்து நன்கொடை மொத்தம் 50,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதில் கிட்டத்தட்ட கால்வாசி மத அமைப்புகளுக்குப் போகிறது, பல்கலைக்கழகம், மருத்துவமனை, அருங்காட்சியகம் எல்லாம் தனி. ஏற்கெனவே கொழுத்த நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டடம் கட்டித் தருவதும் சட்டத்தின் கண்ணில் கொடைதான். வரியையும் பாருங்கள், 2025 வரை அங்கே இருந்த விதிப்படி: 37 சதவீத வரி கட்டுகிறவர் 100 டாலர் கொடுத்தால் 37 டாலர் வரை வரியில் மிச்சமானது, செலவுகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டாமல் நிலையான கழிவை எடுத்துக்கொள்ளும் சாதாரண ஆள் அதே 100 டாலரைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் மிச்சமாகவில்லை. யாருடைய விருப்பத்துக்கு அரசு அதிகமாகத் துணை நின்றது என்று இதிலேயே தெரிகிறதே.

தெருமுனை:

1889இல் அமெரிக்க எஃகு முதலாளி கார்னெகி, பணத்தோடு சாகிற பணக்காரன் அவமானத்தோடு சாகிறான் என்று எழுதினார். 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலியைக் குறைத்து, தொழிற்சங்கத்தை உடைத்து, துப்பாக்கிச்சூட்டில் உயிர்களும் போயின. அதே பணத்தில்தான் உலகம் முழுக்க 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் வந்தன. பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நிற்கிறவன் எப்போது போய்ப் புத்தகம் எடுப்பான்? கூலியை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் போதுமே, இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பழைய கிராண்ட்காரர்:

தெருமுனை சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான், ஆனால் "ஆராய்ச்சி எதற்கு" என்று விட்டுவிட முடியாது. நல்ல எதிர் உதாரணம் ரோசன்வால்ட் பள்ளிகள். சியர்ஸ் என்ற அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து ஆரம்பித்தது. 1930களின் தொடக்கத்துக்குள் அமெரிக்கத் தெற்கின் கிராமப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. 2011இல் ஆரன்சன், மஜும்தார் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பகுதிக் குழந்தைகளின் பள்ளி வருகை, எழுத்தறிவு, படித்த ஆண்டுகள் எல்லாமே கணிசமாகக் கூடியிருந்தன. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான கல்வி இடைவெளியே சுருங்கியது. கவனியுங்கள், இது வெறும் வறுமைக் கணக்கில்லை, இடைவெளிக் கணக்கு.

ஆனால் அந்தப் பணம் யாருடையது என்று பாருங்கள். பள்ளி வேண்டும் என்றால் ஊர்க்காரர்களும் போட வேண்டும், அரசும் போட வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியில் பெரும்பங்கு அரசின் வரிப்பணம், கறுப்பின மக்கள் கையிலிருந்தும் உழைப்பிலிருந்தும் கொடுத்தது ரோசன்வால்ட் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். ஏற்கெனவே வரி கட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காக இரண்டாவது தடவையும் கட்டியிருக்கிறார்கள், பெயர் மட்டும் கொடையாளருக்கு. இதைச் சாதனை என்பதா அநியாயம் என்பதா, எனக்கு இன்றுவரை இரண்டும்தான். கைவிட்ட கடமையை அரசு ஏற்க வேண்டியதாயிற்று என்பதுதான் அந்தத் திட்டத்தின் உண்மையான வேலை என்று நினைக்கிறேன்.

நான் சில வருடங்கள் நிதி வழங்கும் அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தேன். எங்கள் திட்டத்தை நாங்களே பணம் கொடுத்து மதிப்பீடு செய்யச் சொல்வோம், வேலிக்கு ஓணான் சாட்சி. ஒரு தடவை முடிவு சரியாக வரவில்லை என்று அளவுகோலையே மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் கொடுத்தோம். விதிவிலக்கும் உண்டு: ஆசிரியர் மதிப்பீட்டுக்காக கேட்ஸ் அறக்கட்டளை முன்னின்று நடத்திய திட்டத்துக்கு மொத்தம் சுமார் 57.5 கோடி டாலர் செலவானது, மாணவர்களின் படிப்பில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை என்று 2018இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை சொன்னது, அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த மாதிரி தோல்வி அறிக்கைகளை நிறையப் படியுங்கள், வெற்றி அறிக்கையைவிட அதில் விஷயம் அதிகம்.

இடதுகைக்குறிப்பு:

சமூக மாற்றம் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் இயக்கங்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே. அரசியல் அறிவியல் ஆய்வாளர் மேகன் மிங் ஃபிரான்சிஸ் 2019இல் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் பாருங்கள். 1920களில் என்ஏஏசிபி என்ற அமெரிக்கக் கறுப்பின உரிமை அமைப்புக்கு முதல் கவலை கறுப்பர்கள் கும்பல் கொலைக்கு ஆளாவதைத் தடுப்பது. அதற்குப் பணம் கொடுத்த கார்லண்ட் நிதி என்ற அறக்கட்டளையின் அக்கறையோ கல்வி பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக அமைப்பின் திசையே மாறியது என்கிறார் அவர். யாரும் மிரட்டவில்லை, எந்த விண்ணப்பத்துக்குக் காசு வரும் என்று தெரிந்ததும் விண்ணப்பமே அப்படி எழுதப்பட்டது. அந்தப் பாதைதான் 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பில் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதனால் இதை வெறும் சதிக் கதையாக எழுத முடியாது.

இதற்கு முன்பே, 1984இல், சமூகவியலாளர் ஹெர்பர்ட் ஹெயின்ஸ் காட்டியது இன்னும் சுவாரசியம். தெருவில் கறுப்பின உரிமைப் போராட்டம் சூடுபிடித்தபோதுதான் மிதவாத அமைப்புகளுக்கு வெளியிலிருந்து வரும் நன்கொடை எகிறியது. அதாவது கொடை மாற்றத்தைக் கொண்டுவந்ததா, மாற்றத்துக்குப் பயந்து கொடை வந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அரைகுறை ஆய்வாளர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தலைப்பைச் சுருக்கிவிடலாம் என்று பார்க்கிறேன்: கொடை குறைத்ததா கூட்டியதா என்பதை விட்டுவிட்டு, கொடையாளர் போட்ட பணத்தோடு அரசும் மக்களும் எவ்வளவு போட்டார்கள், அவர் விலகிய பிறகு யார் தாங்கினார்கள் என்று மட்டும். ரோசன்வால்ட் நிதி 1948இலேயே தன்னை மூடிக்கொண்டதால் அதற்குப் பிந்தைய நிலையையும் பார்க்க முடியும். இதற்குத் தரவு கிடைக்குமா?

பழைய கிராண்ட்காரர்:

கிடைக்கும். அந்த நிதியின் ஆவணங்கள் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு அட்டை, அதில் கறுப்பர் பங்கு, வெள்ளையர் பங்கு, அரசு பங்கு, நிதியின் பங்கு என்று தனித்தனியாகவே எழுதியிருப்பார்கள். முதலில் ஒரே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிகள் எழுந்த பதினைந்தையும் எடுத்தால் முதுகலை முடிவதற்குள் ஓய்வூதியம் வந்துவிடும்.